இறங்குமுகத்தின் கணக்கு

பழைய வீட்டின் ஓட்டுக்கூரையைப் பிரித்தபோது, பரணிலிருந்து ஒரு நாட்குறிப்பு கிடைத்தது. உரக்கடை ஒன்று இலவசமாகத் தந்த 1986ஆம் ஆண்டு நாட்குறிப்பு. அப்பாவின் கையெழுத்து. உள்ளே நாட்குறிப்பு என்று சொல்லத்தக்க ஒரு வரியும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் எண்களே. காலை, மாலை என்று இரண்டு பத்திகள். அவற்றின் கீழே சொசைட்டிக்கு ஊற்றியது இவ்வளவு, வீட்டுக்கு நிறுத்தியது இவ்வளவு என்று இரண்டு வரிகள். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் தொடங்கி, அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் ‘மாடு கொடுத்தாச்சு’ என்ற இரண்டு சொற்களோடு கணக்கு நின்றுபோகிறது. அதற்குப் பிறகு எல்லாம் வெற்றுத்தாள்கள்.

நாங்கள் இருவர், அண்ணனும் தங்கையும். ஒருவர் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெறும் வயதை நெருங்குகிறவர். மற்றவர் கதைகளும் கவிதைகளும் வாசிப்பதையே தொழில்போலச் செய்துவருகிறவர். இக்கட்டுரையின் பத்திகளை மாறிமாறி எழுதினோம்; எது யாருடையது என்று பிரிக்க எங்களுக்கே இப்போது இயலவில்லை. ஆகவே ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். கணிதம் தலைகாட்டும் இடங்களில் வாசகர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். அக்கணக்கு இல்லாமல் இக்கதை இல்லை.

*

அந்த மாட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் செவலை. ஜெர்சிக் கலப்பு, இரண்டாம் ஈத்து. ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில், வங்கிக் கடனில் வாங்கியது. துண்டுக்குள் கையை விட்டு விரல்களைப் பிடித்து விலை பேசிய தரகர், “நேரத்துக்கு அஞ்சு லிட்டருங்க, எண்ணிக்குங்க” என்றாராம். அதில் பொய்யில்லை. வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் காலையும் மாலையும் சேர்த்து நாளொன்றுக்குச் சரியாகப் பத்து லிட்டர் கறந்ததாக நாட்குறிப்பு சொல்கிறது. கன்றுக்கு அப்போது ஐந்து வாரம்.

அதற்கு முன் எங்கள் தொழுவத்தில் இருந்தவை நாட்டு மாடுகள். கன்று ஊட்டியது போக இரண்டு லிட்டர் கறந்தால் பெரிது. இரண்டு லிட்டர் ஒன்றரையாவதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. மோர் சற்று நீர்த்துப்போகும், அவ்வளவுதான். ஆகவே பால் என்பது நாளுக்கு நாள் ஒரே அளவில் சுரப்பது, மாடு சினையாகி வற்றும்போது நின்றுவிடுவது என்பதே அப்பாவின் மனத்திலிருந்த சித்திரம். வங்கியின் தாளிலும் அதே சித்திரம்தான். நாளுக்குப் பத்து லிட்டர், பெருக்கல் நாட்கள், கழித்தல் தீவனச் செலவு, மிச்சத்தில் தவணை. கோடு போட்டால் மேசையின் விளிம்புபோல நேராக ஓடும் கணக்கு.

மாசி வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. பங்குனியில் ஒன்பது லிட்டர் ஆனது. சித்திரையில் எட்டு. ஆனி முடிவில் ஆறரை. அப்பா அதைப் பார்த்துப் பார்த்துக் கறுத்துப்போனார். மாட்டைக் கழுவுவது, தீனி வைப்பது, கறப்பது யாவும் அம்மாவின் வேலை. சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து எழுதுவது அப்பாவின் வேலை. எண் குறையக் குறைய, குறைக்குக் காரணமும் கண்டுபிடிக்கப்பட்டது. “தீனி ஒழுங்காப் போட்டா பாலு எதுக்குக் கொறையுது?” இந்த ஒரு வாக்கியத்தை அப்பா எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்கு நாட்குறிப்பில் கணக்கில்லை. அப்பத்தா திண்ணையிலிருந்தபடி அதற்கு ஒத்து ஊதுவார். அம்மா ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. ஆடியில் அம்மாவின் தோடு அடகுக்குப் போயிற்று. ஐப்பசிக்கு முன்பே, ஐந்து மாதச் சினையோடு, செவலை வந்த விலையில் பாதிக்கு விற்கப்பட்டது.

அதன் பின்னும் அந்த வாக்கியம் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. அரிசி தீர்ந்தாலும், கிணற்று மோட்டார் பழுதானாலும், ‘அந்த மாட்டப் பாத்துக்கிட்ட மாதிரிதான்’ என்று அப்பா முடித்துவிடுவார். அவர் கொடியவர் அல்லர். கடனுக்கு அஞ்சிய மனிதர். 2011இல் அவர் மறைந்தார். அந்தப் பேச்சு அவரோடு போய்விட்டது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

*

நிற்க. மாடு கறக்கும் பால் நாளடைவில் எப்படி மாறுகிறது என்பதை ஒரு சமன்பாட்டுக்குள் அடக்கும் முயற்சிக்கு நூறாண்டு வயது. 1923இல் அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் பிராடியும் அவருடைய தோழர்களும், உச்சத்தைக் கடந்தபின் பால் ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தின் ஒரே விகிதத்தில் குறைந்துகொண்டு போகிறது என்று காட்டினார்கள். கதிரியக்கப் பொருள் சிதைவதைச் சொல்லும் அதே கணக்கு. ஆனால் அது இறங்குமுகத்தை மட்டுமே சொன்னது. கன்று ஈன்ற பிறகு பால் முதலில் ஏறுவதைச் சொல்லவில்லை.

ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருசேரச் சொன்ன எளிய வாய்பாட்டை 1967இல் ‘நேச்சர்’ இதழில் இரண்டு பக்கக் குறிப்பாக வெளியிட்டவர், இங்கிலாந்தின் பால் விற்பனை வாரியத்தில் பணியாற்றிய பி. டி. பி. வுட். அதில் மூன்றே மூன்று மாறிலிகள். முதலாவது, அந்த மாடு எந்த அளவில் கறக்கும் மாடு என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, ஈன்றபின் எவ்வளவு விரைவில் ஏறுகிறது என்பதை. மூன்றாவது, எவ்வளவு விரைவில் இறங்குகிறது என்பதை. கன்று ஈன்று கழிந்த வாரங்களின் எண்ணிக்கையை இரண்டாம் மாறிலியின் படிக்கு உயர்த்தினால் ஏறும் பகுதி. மூன்றாம் மாறிலியின்படி அடுக்குச் சரிவாகக் குறைத்தால் இறங்கும் பகுதி. இரண்டையும் முதல் மாறிலியோடு பெருக்கினால் அன்றைய பால். இரண்டாவதை மூன்றாவதால் வகுத்தால் உச்சம் எந்த வாரத்தில் என்று தெரிந்துவிடும். பெரும்பாலான கறவைகளுக்கு அது நான்கிலிருந்து எட்டு வாரங்களுக்குள் வருகிறது.

இதன் பின்னே இருப்பது உடலின் நியாயம். மடியில் பால் சுரக்கும் செல்கள் சினைக் காலத்திலேயே பெருகத் தொடங்கிவிடுகின்றன. ஈன்றபின் சில வாரங்கள் வரை அவற்றின் சுரப்புத்திறன் கூடுகிறது. பின்னர் புதிதாகப் பிறக்கும் செல்களைவிட மடியும் செல்கள் மிகுதியாகின்றன. மாடு மறுபடியும் சினையானால், பிற்பகுதியில் கருவும் தன் பங்கைக் கேட்கிறது. நல்ல தீவனமும் பராமரிப்பும் உள்ள பண்ணைகளிலும் உச்சத்துக்குப் பின் மாதந்தோறும் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரை பால் குறைவது இயல்பே. தீவனத்தால் சரிவைச் சற்றுத் தணிக்கலாம், நிறுத்த முடியாது.

வுட்டின் வளைவுக்குக் குறைகள் உண்டு. உச்சத்தை அண்டிய வாரங்களில் அது உண்மையைவிடச் சற்றுக் கீழே நின்றுவிடும் என்று பிறகு வந்தவர்கள் காட்டினார்கள். நாட்டு மாடுகளின் பதிவுகளில் உச்சமே இல்லாமல் முதல் நாளிலிருந்து இறங்கும் வளைவுகளும் தென்படுகின்றன. 1987இல் நெதர்லாந்தின் வில்மிங்க் வேறொரு வளைவை முன்வைத்தார். 1999இல் கனடா, மாதந்தோறும் ஒருநாள் அளந்த பாலைக் கொண்டே ஒவ்வொரு மாட்டின் தனி வளைவையும் மதிப்பிடும் முறைக்கு மாறியது. கணினி வளர வளர வளைவுகளும் நுட்பமாயின. ஆனால் ஒரே ஒரு மாடும் ஒரே ஒரு நாட்குறிப்பும் வைத்திருப்பவர்களுக்கு வுட்டே போதும்.

*

எண்களைக் கணினியில் ஏற்ற எங்களுக்கு மூன்று இரவுகள் பிடித்தன. ஒருவர் வாசிக்க, ஒருவர் தட்டச்சிட்டோம். சில பக்கங்களில் பால் சிந்திய கறையில் எண் கரைந்துபோயிருந்தது. வாரச் சராசரி எடுத்தோம். வுட்டின் சமன்பாட்டுக்கு மடக்கை எடுத்தால் பெருக்கல்கள் கூட்டல்களாகிவிடும். பிறகு சாதாரண விரிதாளிலேயே மாறிலிகளைக் கண்டுவிடலாம். அது கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர் செய்யும் கணக்கு.

ஒரு குறை இருந்தது. செவலை எங்களிடம் வந்ததே ஐந்தாம் வாரத்தில். ஏறுமுகம் முழுவதும் விற்றவரின் தொழுவத்தில் நடந்து முடிந்துவிட்டது. ஆகவே ஏற்றத்தைப் பற்றி எங்கள் வளைவு சொல்வது வெறும் ஊகம். எங்களுக்கு வேண்டியது இறக்கம் மட்டுமே. அதற்குரிய எண்கள் முப்பத்தெட்டு வாரங்களுக்குக் குறைவில்லாமல் இருந்தன.

வளைவு திரையில் விழுந்தபோது நாங்கள் இருவரும் பேசவில்லை. ஐந்தாம் வாரத்தில் பத்து லிட்டர். பத்தாம் வாரத்தில் ஒன்பதரை. இருபதாம் வாரத்தில் ஏழே முக்காலுக்குச் சற்று மேலே. முப்பதாம் வாரத்தில் ஆறே கால். நாற்பதாம் வாரத்தில் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. அப்பா எழுதிவைத்த புள்ளிகள் அந்தக் கோட்டின் இருமருங்கிலும், நூலில் கோத்ததுபோல, ஒட்டிக்கொண்டு இறங்கின. சரிவு தொடக்கத்தில் மெல்லியது. பிறகு மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு. இயல்பான எல்லையின் ஓரத்தில்தான் நிற்கிறது. ஆனால் எல்லைக்கு உள்ளேதான் நிற்கிறது. கடன் சுமந்த வீட்டில், பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் அளந்து அளந்து வைத்து, கோடையில் காய்ந்த சோளத்தட்டைப் போட்டு வளர்த்த மாட்டுக்கு, அது நல்ல வளைவு என்றே சொல்ல வேண்டும்.

வங்கித் தாளின் நேர்க்கோட்டின்படி, வாங்கிய நாளிலிருந்து 270 நாட்களில் 2,700 லிட்டர் வந்திருக்க வேண்டும். வளைவின்படி வரக்கூடியது ஏறத்தாழ 1,940. மீதி 760 லிட்டர் எந்த மாட்டின் மடியிலும் இருந்ததில்லை. அது தாளில் மட்டும் சுரந்த பால். செவலையை உச்சத்தில் நிறுத்தி விற்ற தரகர் பொய் சொல்லவில்லை. நாளை என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. தவணை தவறியதும், தோடு போனதும், ஒரு வாக்கியம் இருபத்தைந்து ஆண்டுகள் எங்கள் வீட்டில் குடியிருந்ததும் அந்த 760 லிட்டரால்தான்.

*

ஆனால் ஓரிடத்தில் மட்டும் புள்ளிகள் கோட்டை விட்டு விலகின. இருபதாம் வாரத்திலிருந்து ஆறு வாரங்கள், ஒவ்வொரு புள்ளியும் கோட்டுக்கு அரை லிட்டர் கீழே. பிறகு எதுவும் நடவாததுபோல மறுபடியும் கோட்டுக்கே திரும்பிவிடுகின்றன. அந்த வாரங்களை விலக்கிவிட்டுக் கணக்கிட்டபோது பள்ளம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

நாட்களை எண்ணிப் பார்த்தோம். மே முதல் வாரத்தில் தொடங்கி ஜூன் நடுவில் முடிகிறது. அக்னி நட்சத்திரம், ஐயமே இல்லை என்று முடிவுகட்டினோம். கலப்பின மாடுகள் வெக்கை தாங்காதவை. தீனி எடுப்பது குறையும், பாலும் குறையும். எவரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம். காலையையும் மாலையையும் தனித்தனியே பிரித்துப் பார்த்த பிறகுதான் அது நிற்கவில்லை. காலைப் பாலில் பள்ளமே இல்லை. மாலைப் பாலில் மட்டும், நாள் தவறாமல், அரை லிட்டர். வெயிலுக்கு அப்படியொரு ஒழுங்கு இருக்க வழியில்லை. அளவு சொம்புக்குத்தான் இருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கணினியைக் கொண்டுபோய்க் காட்டினோம். அம்மாவுக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“என்ன கண்ணு இது, கரட்டுல இருந்து எறங்கற தடமாட்டம் இருக்குது?”

செவலையின் பால் என்றோம். வுட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எந்த மாடும் இப்படித்தான் இறங்கும், சீமையிலும் இப்படித்தான், நீங்கள் என்ன தீனி போட்டிருந்தாலும் இறங்கியிருக்கும் என்று மட்டும் சொன்னோம். அம்மா முகத்தில் நாங்கள் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை. விரலால் திரையைத் தொட்டார். தொட்ட இடம் அந்தப் பள்ளம்.

“இது?”

நாங்கள் பேசாமல் இருந்தோம்.

அம்மா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சொன்னார். காட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அந்தச் சித்திரையில் மஞ்சள் காமாலை. தாய்வீட்டுக்கு மருந்துக்குப் போய்விட்டாள். எட்டு மாதக் குழந்தையைக் கிழவியிடம் விட்டுப் போயிருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் கறந்ததும் அரை லிட்டரைத் தூக்குப்போசியில் ஊற்றி வாய்க்கால் மேட்டில் வைத்துவிடுவாராம். கிழவி வந்து எடுத்துக்கொண்டு போவாள். வீட்டில் தெரிந்தால் பாலுக்காக மட்டும் அல்ல, யார் வீட்டுக்குப் போனது என்பதற்காகவும் பெரிய சண்டையாகியிருக்கும். ஆறு வாரம் கழித்துத் தாய் திரும்பி வந்தாள். போசியும் திரும்பி வந்துவிட்டது.

“அப்பறம் உங்கப்பா பாலு கொறையுதுன்னு கேக்கறப்பல்லாம் நான் என்னன்னு சொல்றது? நான்தான் எடுத்திருக்கறேன்ல. அதுதான் மாடு கோவிச்சுக்கிட்டுச்சுன்னு நெனச்சேன். கடனும் அதனாலதான் நின்னுபோச்சுன்னு.”

அம்மா இத்தனை ஆண்டுகள் பதில் சொல்லாமல் இருந்ததைப் பொறுமை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். ஒருவர் அதைப் பற்றிக் கவிதைகூட எழுதியிருக்கிறார், பிரசுரமும் ஆயிற்று. அது பொறுமையல்ல. தன்மேல் சொல்லப்பட்ட குற்றத்தில் ஒரு துளி உண்மையாக இருந்ததால், மொத்தத்தையும் உண்மையென்று ஏற்றுக்கொண்டு வாயை மூடிக்கொண்ட ஒருவரின் மௌனம்.

அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினோம். அரை லிட்டர், நாற்பத்திரண்டு நாள், மொத்தம் இருபத்தோரு லிட்டர். தாளில் மட்டும் சுரந்து கிடைக்காமல் போனது எழுநூற்று அறுபது. இரண்டையும் ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தோம். அம்மா இரண்டாம் வகுப்பு வரை படித்தவர். எண்கள் நன்றாகத் தெரியும். அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருபத்தொண்ணுதானா?” என்றார். பிறகு, “அவருக்கு இதத் தெரிஞ்சிருந்தா அவரும் இத்தன வெசனப்பட்டிருக்க மாட்டாரு” என்றார்.

எங்களுக்கு அந்த நினைப்பு வரவில்லை என்பதை வெட்கத்தோடு இங்கே எழுதிவைக்கிறோம். அம்மாவுக்கு விடுதலை வாங்கித் தருவதிலேயே குறியாக இருந்தோம். அப்பாவும் அதே நேர்க்கோட்டை நம்பி ஏமாந்தவர்தான். ஒவ்வொரு மாலையும் ஒரு எண்ணை எழுதி, அது நேற்றைவிடக் குறைவு என்பதைக் கண்டு, காரணம் தெரியாமல் ஒருவர்மேல் ஏற்றிவைத்தவர். இறங்குவதுதான் இயல்பு என்று சொல்ல அந்த ஊரில் அன்று யாரும் இல்லை. சொல்லக்கூடிய வளைவு ‘நேச்சர்’ இதழில் அச்சாகிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

புறப்படும்போது அம்மா வாசல் வரை வந்தார்.

“ஏங்கண்ணு, அத விக்காம வெச்சிருந்தா அடுத்த ஈத்துல இன்னுங் கொஞ்சங் கூடக் கறந்திருக்குமா?”

மாடுகள் பெரும்பாலும் மூன்றாம் ஈத்திலிருந்து ஐந்தாம் ஈத்துக்குள்தான் தம் முழு அளவை எட்டுகின்றன. செவலைக்கு அது இரண்டாம் ஈத்து. வயிற்றில் ஐந்து மாதக் கன்று. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பொய் சொல்ல அதுவல்ல நேரம்.

“கறந்திருக்கும்மா” என்றோம்.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். “எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சு” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் காகிதத்தை எங்களிடம் திருப்பித் தரவில்லை.